அமெரிக்கக் கடன் வரம்புச் சண்டை: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாஷிங்டனில் கடன் வரம்புச் சண்டை மூளும்போதெல்லாம் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தென்காசி, வள்ளியூர்ப் பக்கம் ஒரே மாதிரியான சந்தேகங்கள் கிளம்புகின்றன. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடு, வளைகுடாப் பணத்தில் நடக்கும் வீடு, கல்யாணத்துக்கு நகை சேர்க்கும் வீடு என்று கேட்பவர்கள் வேறு வேறு. பயம் ஒன்றுதான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். முதல் ஐந்தையும் படித்துவிட்டால் மற்றவை எளிதாகப் பிடிபடும்.

"கடன் வரம்பு, கடன் வரம்புன்னு டிவியில சொல்லுதாவளே, அப்படின்னா என்ன?"

அமெரிக்க மத்திய அரசு மொத்தம் எவ்வளவு கடன் வைத்திருக்கலாம் என்று அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டுக் குறித்திருக்கும் தொகை. 2023 ஜனவரியில் அது 31.4 லட்சம் கோடி டாலர். 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம், அதற்குள் 36.1 லட்சம் கோடி ஆகியிருந்த வரம்பில் 5 லட்சம் கோடியைக் கூட்டி 41.1 லட்சம் கோடி டாலர் ஆக்கியது. செய்தியில் டிரில்லியன் என்று வந்தால் நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அரசுக்கு வரவைவிடச் செலவு அதிகம். அதனால் கருவூலம் வாராவாரம் கடன் பத்திரங்களை ஏலம் விட்டுப் பணம் திரட்டுகிறது. வரம்பைத் தொட்டதும், பழைய பத்திரம் முதிர்ந்த அளவுக்கு மட்டுமே புதுப் பத்திரம் விற்கலாம். ஒரு டாலர்கூடக் கூடுதலாக வாங்க முடியாது.

"கடன் வாங்காதேன்னு சொல்றது நல்ல காரியம்தானே? எதுக்கு இவ்வளவு கூப்பாடு?"

பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வரம்பு புதுச் செலவைத் தடுப்பதில்லை. மாதம் முழுக்கப் பலசரக்குக் கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டாயிற்று. மாதக் கடைசியில் கடைக்காரர் பற்று நோட்டை நீட்டும்போது, "எங்க வீட்டுல இனிமே கடனே கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டோம்" என்றால் அதற்குச் சிக்கனம் என்றா பெயர்? வரம்பை உயர்த்த மறுப்பது இதைப் போன்றது. செலவுக்கு ஒப்புதல் தந்ததும் வரியைக் குறைத்ததும் அதே காங்கிரஸ்தான்.

சிக்கனம் வேண்டுமென்றால் பட்ஜெட் போடும்போது பேச வேண்டும், அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். முதியவர்களின் ஓய்வூதியத்தையும் சிப்பாய்களின் சம்பளத்தையும் பணயம் வைத்துப் பேரம் பேசுவது எந்தக் கட்சி செய்தாலும் தவறு என்பதே எங்கள் எண்ணம்.

"பின்ன இந்த வரம்பை எதுக்கு வச்சாவ?"

முதல் உலகப் போர்ச் செலவுக்காக. 1917-க்கு முன்பு பெரும்பாலும் கடனுக்குக் கடன் தனி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. போர் நேரத்தில் அது ஒத்துவராததால், இந்த அளவுக்குள் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கருவூலத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1939-இல் எல்லாக் கடனுக்கும் சேர்த்து ஒரே வரம்பாக 4,500 கோடி டாலர் வைத்தார்கள். வேலையை எளிதாக்க வந்த ஏற்பாடு பின்னாளில் முட்டுக்கட்டை ஆகிவிட்டது. 1960-க்குப் பிறகு 75 தடவைக்கு மேல் இதை உயர்த்தியோ நீட்டித்தோ மாற்றியோ இருக்கிறார்கள். இரண்டு கட்சி அதிபர்கள் காலத்திலும் நடந்திருக்கிறது. டென்மார்க்கிலும் இப்படி ஒரு வரம்பு உண்டு. அதை எட்டவே எட்டாத உயரத்தில் வைத்திருப்பதால் அங்கே சண்டை வருவதில்லை.

"ஜனவரியிலயே வரம்பு முட்டிட்டுன்னாவ. ஜூன் வரைக்கும் எப்படி வண்டி ஓடுச்சு?"

2023 ஜனவரி 19-இல் வரம்பு முட்டியது. அன்றிலிருந்து கருவூலம் "அசாதாரண நடவடிக்கை" எனப்படும் கணக்கு வழிகளில் இறங்கியது. அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதிகளும் அரசுப் பத்திரத்தில்தான் கிடக்கின்றன, அவையும் வரம்புக் கணக்கில் சேரும். அவற்றில் புது முதலீட்டைத் தற்காலிகமாக நிறுத்தினால் அந்த அளவுக்கு வெளியில் கடன் வாங்க இடம் கிடைக்கும். சண்டை முடிந்ததும் வட்டியோடு திரும்ப வைத்துவிட வேண்டும் என்பது சட்டம், அப்படியே வைத்தும் வந்திருக்கிறார்கள். ஏப்ரல் நடுவில் வருமான வரி வந்து சேருவதும் கைகொடுக்கும்.

இந்த வழிகளும் தீர்ந்து கையிருப்பும் வற்றும் நாளைத்தான் "எக்ஸ் தேதி" என்கிறார்கள். அதைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்ல முடியாது, வரி வரவைப் பொறுத்து முன்னும் பின்னும் போகும். 2023-இல் முதலில் ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 5 என்றார்கள். ஜூன் 1 அன்று கருவூலக் கையிருப்பு சுமார் 2,300 கோடி டாலர்தான். அந்த அரசுக்கு அது ஓரிரு நாள் செலவு. ஜூன் 3-இல் சட்டம் கையெழுத்தானது.

"ஷட்டவுன்ங்கதும் இதுவும் ஒண்ணுதானே?"

இல்லை. ஷட்டவுன் என்பது பட்ஜெட் ஒதுக்கீடு நிறைவேறாமல் அலுவலகங்கள் மூடிக்கிடப்பது. கஜானாவில் பணம் இருக்கும், செலவழிக்க அனுமதி இருக்காது. கடன் வரம்புச் சிக்கலில் அனுமதி இருக்கும், பணம் இருக்காது. ஷட்டவுன் பலமுறை நடந்திருக்கிறது: 2018 கடைசியில் தொடங்கி 35 நாள், 2025 அக்டோபர் 1-இலிருந்து 43 நாள். ஷட்டவுனிலும் கடன் வட்டி, மூத்தோர் ஓய்வூதியம் எல்லாம் போய்க்கொண்டிருக்கும். வரம்பு உடைந்தால் அவையே ஆபத்தில் இருக்கும்.

2013 அக்டோபரில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் வழக்கம் அதற்குப் பிறகு இங்கே அதிகமாகிவிட்டது.

"மவன் டல்லாஸ்ல ஐ.டி. கம்பெனியில இருக்கான். சம்பளம் நின்னுருமா? விசா என்னாவும்?"

தனியார் கம்பெனிச் சம்பளத்துக்கும் கடன் வரம்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கம்பெனியின் வாடிக்கையாளர் அமெரிக்க அரசுத் துறையாக இருந்தால் மட்டும் பில் பணம் பிந்தலாம். அவர் வேலை பார்க்கும் திட்டம் யாருக்கானது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விசா விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஷட்டவுன்தான். குடியேற்றத் துறை பெரும்பாலும் கட்டண வருமானத்தில் நடப்பதால் மூடாது. ஆனால் ஹெச்-1பி மனுவோடு வைக்க வேண்டிய எல்.சி.ஏ. என்ற ஒப்புதல் தொழிலாளர் துறையிலிருந்து வர வேண்டும். 2013 ஷட்டவுனில் அந்த வேலை நின்றுபோனது. எல்.சி.ஏ. கிடைக்கச் சாதாரணமாக ஏழு வேலைநாள் ஆகும். விசா முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே நீட்டிப்புக்கு மனுப் போடலாம். கடைசி வாரம் வரை வைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் அவதிப்பட்டார்கள். அமெரிக்க பட்ஜெட் ஆண்டு அக்டோபர் 1-இல் பிறக்கிறது, அந்தச் சமயத்தில் நீட்டிப்பு வருகிறவர்கள் ஆகஸ்டிலேயே கம்பெனியை நெருக்குங்கள்.

"எப்பவாவது நெசமாவே கட்டாம விட்டிருக்காவளா?"

வரம்பை உடைத்து, வேண்டுமென்றே கட்டாமல் விட்டதில்லை. 1979 ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் சுமார் 12 கோடி டாலர் மதிப்புள்ள பத்திரங்களுக்குப் பணம் பிந்தியது. வரம்பை உயர்த்தும் சட்டம் கடைசி நேரத்தில் வந்தது. பத்திரம் வாங்கிய சிறு முதலீட்டாளர்களின் கூட்டம் அதிகம். காசோலை தயாரிக்கும் இயந்திரம் வேறு கோளாறானது. மூன்றும் சேர்ந்துகொண்டன. தாமதத்துக்கு வட்டி கேட்டு முதலீட்டாளர்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

"கடைசியில கட்டிட்டாவல்லா? அப்புறம் என்ன நஷ்டம்?"

2011 சண்டையால் மட்டும் அந்த நிதியாண்டில் கருவூலத்துக்குக் கூடுதல் வட்டிச் செலவு சுமார் 130 கோடி டாலர் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே கணக்குப் போட்டது. 2023 மே கடைசியில், எக்ஸ் தேதியை ஒட்டி முதிரும் குறுகிய காலப் பத்திரங்களின் வட்டி 7 சதவீதத்தைத் தொட்டது. தவணை தவறக்கூடும் என்ற பேச்சுக்கே இந்த விலை.

அமெரிக்காவின் மிக உயர்ந்த கடன் தரமும் படிப்படியாகப் போனது. கடன் தரத்தை மதிப்பிடும் மூன்று பெரிய நிறுவனங்களில், 2011 ஆகஸ்ட் 5-இல் எஸ் அண்ட் பி குறைத்தது. 2023 ஆகஸ்ட் 1-இல் ஃபிட்ச் குறைத்தபோது, திரும்பத் திரும்ப நடக்கும் கடன் வரம்பு மோதல்களைக் காரணங்களில் ஒன்றாகவே எழுதியது. 2025 மே 16-இல் மூடிஸும் குறைத்தது.

"அங்கத்த சனங்க சும்மாவா இருந்தாவ? ஒண்ணும் கேக்கலியா?"

கேட்டார்கள். 2011 ஜூலை 25 இரவு அதிபர் ஒபாமா தொலைக்காட்சியில் பேசி, உங்கள் உறுப்பினரிடம் சொல்லுங்கள் என்றார். மறுநாள் காங்கிரஸின் தொலைபேசிகள் நெரிசலில் திணறின, உறுப்பினர்கள் பலரின் இணையதளங்கள் படுத்துவிட்டன. அந்த மாதம் 63.7 ஆக இருந்த மிச்சிகன் பல்கலைக்கழக நுகர்வோர் மனநிலைக் குறியீடு ஆகஸ்டில் 55.7-க்கு இறங்கியது. ஐரோப்பியக் கடன் நெருக்கடிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ஒரு தவணைகூடத் தவறாத நிலையிலேயே சாதாரணக் குடும்பங்கள் கையை இறுக்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டன.

கருத்துக்கணிப்புகளைப் படிக்கும்போது கேள்வியின் வாசகத்தைப் பாருங்கள். 2011 மே மாதம் கேலப் நிறுவனம் கேட்டபோது வரம்பை உயர்த்தக் கூடாது என்றவர்கள் 47 சதவீதம், உயர்த்தலாம் என்றவர்கள் 19 சதவீதம், சொல்லத் தெரியவில்லை என்றவர்கள் 34 சதவீதம். மூன்றில் ஒருவர் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்ட விஷயத்தை வைத்துத்தான் "மக்கள் எங்கள் பக்கம்" என்று மேடையில் முழங்கினார்கள். உயர்த்தாவிட்டால் என்னென்ன நிற்கும் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் பதில் மாறுகிறது. இரண்டாவது கேள்வியில் நாம் பார்த்த அதே குழப்பம்தான் அங்கும்.

அதிகம் பயந்தவர்கள் முதியவர்கள். மூத்தோர் ஓய்வூதியம் உள்ளிட்ட சோஷியல் செக்யூரிட்டிப் பணம் வாங்குவோர் 6 கோடிக்கும் மேல். பழைய பயனாளிகளுக்கு மாதம் 3-ஆம் தேதி, மற்றவர்களுக்குப் பிறந்த தேதியைப் பொறுத்து இரண்டாம், மூன்றாம், நான்காம் புதன் என்று பணம் ஏறும். 2011 ஆகஸ்ட் 3-ஆம் தேதிப் பணத்துக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது என்று அதிபரே சொன்னார். உதவித்தொகை ஏறிவிட்டதா என்று பாஸ்புக்கோடு வங்கி வாசலில் உட்கார்ந்திருக்கும் நம்மூர் ஆச்சிகளுக்கு அப்படி ஒரு நேரம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இவ்வளவு ஏச்சு வாங்கியும் ஏன் திரும்பத் திரும்ப இதையே செய்யுதாவ?"

கோபம் தேர்தல் வரை நிற்பதில்லை. 2013 அக்டோபர் மோதலின்போது குடியரசுக் கட்சியை நல்லபடியாக நினைத்தவர்கள் 28 சதவீதம் என்று கேலப் கணித்தது. நவம்பரில் காங்கிரஸ் மீதான ஒப்புதலே 9 சதவீதத்துக்கு இறங்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அதே குடியரசுக் கட்சி செனட்டைப் பிடித்தது. பேரத்தால் பலனும் கிடைக்கிறது. 2011-இலும் 2023-இலும் வரம்பை உயர்த்த ஒப்புக்கொண்டதற்கு ஈடாகச் செலவுக் கட்டுப்பாடுகளைச் சட்டத்தில் எழுதி வாங்கினார்கள்.

விட்டுக்கொடுப்பவருக்குச் சொந்தக் கட்சியிலேயே தண்டனை காத்திருக்கிறது. 2023 உடன்பாட்டை முடித்த சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியை, நான்கு மாதம் கழித்து அக்டோபர் 3-இல், 216-க்கு 210 என்ற வாக்கில் பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்த உடன்பாட்டின் மீதிருந்த கசப்பும் அதற்கு ஒரு காரணம்.

"அமெரிக்காவுக்கே கஷ்டம்னா டாலர் எறங்கணும்லா? நம்ம ரூவாதான எறங்குது?"

நல்ல கேள்வி. உலகச் சந்தை பயந்தால் பணம் பாதுகாப்பான இடம் தேடி ஓடும். அந்த இடமாக இன்றும் பெரும்பாலோர் நினைப்பது அமெரிக்கப் பத்திரத்தைத்தான். 2011 ஆகஸ்டில் தரம் குறைந்த அடுத்த வேலைநாளில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டவ் ஜோன்ஸ் 634 புள்ளி விழுந்தது. பங்கை விற்றவர்கள் வாங்கியது, தரம் குறைக்கப்பட்ட அதே அமெரிக்கப் பத்திரம். நம் சந்தையிலிருந்தும் வெளிநாட்டுப் பணம் வெளியேறியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் 44 ரூபாய் அளவில் இருந்த டாலர் செப்டம்பர் கடைசியில் 49-ஐத் தொட்டது.

அடுத்த செமஸ்டர் கட்டணம் டாலரில் கட்ட வேண்டிய வீட்டார், எக்ஸ் தேதிக்கு முந்திய மாதமே பாதியையாவது அனுப்பிவிடுவது நல்லது. முழுத் தொகையையும் கடைசி நாள் விலைக்கு விட்டுவைக்க வேண்டாம்.

"எங்க வீட்டுக்காரவுக துபாய்ல இருக்காவ. அமெரிக்காக்காரன் சண்டை எங்களை என்ன செய்யும்?"

திர்ஹமின் விலை டாலரோடு கட்டப்பட்டது: 1 டாலருக்கு 3.6725 திர்ஹம். சவுதி ரியால் 3.75. டாலர் ஒரு ரூபாய் ஏறினால் திர்ஹமும் ரியாலும் ஏறத்தாழ 27 காசு ஏறும், இறங்கினால் அப்படியே இறங்கும். மாதம் 2,000 திர்ஹம் அனுப்பும் வீட்டுக்கு அந்த வித்தியாசம் 540 ரூபாய்.

விலை ஏறட்டும் என்று மூன்று மாதம் அனுப்பாமல் வைத்திருந்து, இங்கே வீட்டுச் செலவுக்கு வட்டிக்கு வாங்கும் பழக்கம் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் உண்டு. மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றாலே மூன்று மாதத்தில் 6 சதவீதம் போய்விடும். கடன் வரம்புச் சண்டையால் மட்டும் மூன்று மாதத்தில் திர்ஹம் அவ்வளவு ஏறும் என்று நம்பி உட்காரக் கூடாது. வழக்கம்போல் அனுப்பச் சொல்லுங்கள்.

"தங்கம் கூடும்ங்காவ. மவா கல்யாணம் தை மாசம். இப்பவே வாங்கிப் போட்டுரவா?"

இங்கே பவுன் விலையை முதன்மையாக ஆட்டுவது இரண்டு: உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸின் டாலர் விலை, டாலரின் ரூபாய் மதிப்பு. அதன் மேல் இறக்குமதி வரியும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். அவுன்ஸ் என்பது 31.1 கிராம். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவுன்ஸுக்கு 100 டாலர் ஏறும்போது 22 காரட் பவுனுக்கு வரி சேராமல் சுமார் 2,100 ரூபாய் கூடும். அவுன்ஸ் 4,000 டாலராக இருக்கும்போது ரூபாய் மதிப்பு ஒரு ரூபாய் சரிந்தாலே பவுனுக்கு சுமார் 940 ரூபாய் கூடும்.

2011-இல் சண்டை முடிந்த பிறகும் தங்கம் ஏறிக்கொண்டே போய், செப்டம்பர் தொடக்கத்தில் அவுன்ஸுக்கு 1,900 டாலரைத் தாண்டியது, பிறகு இறங்கியது. உச்சியில் மொத்தமாக வாங்கியவர்களுக்கு டாலர் கணக்கில் அந்த விலை திரும்ப வர ஒன்பது ஆண்டு ஆனது. தேவை நிச்சயம் என்றால் இப்போதிருந்து மாதம் இத்தனை பவுன் என்று பிரித்து வாங்குங்கள். தங்கம் வாங்க நிலத்தையோ வேறு நகையையோ அடகு வைக்க வேண்டாம்.

"தூத்துக்குடி வழியா எறால் ஏத்துமதி பண்ணுதோம். எங்களுக்கு என்ன பாதிப்பு?"

வாங்குபவர் தனியார் என்றால் கடன் வரம்பால் பணம் நிற்காது. ஆட்டம் மாற்று விகிதத்தில்தான். பில் முதிரும் நாள் எக்ஸ் தேதியை ஒட்டி வந்தால் வங்கியில் பார்வர்டு கான்ட்ராக்ட் போட்டு விலையைப் பூட்டிவிடலாம். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி தந்த அடி வேறு, அதையும் இதையும் ஒன்றாகக் கணக்குப் போட வேண்டாம்.

"அமெரிக்கா திவாலு, பேங்க்ல போட்டதை எடுத்துருங்கன்னு வாட்ஸப்ல வருது. டெபாசிட் போயிருமா?"

போகாது. பாளையங்கோட்டை வங்கியில் நீங்கள் போட்ட ரூபாய் அமெரிக்கக் கஜானாவில் இல்லை. வங்கி எந்தக் காரணத்தால் முடங்கினாலும், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து இந்தத் தொகை. கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தும், ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குப் பொருந்தாது. தவணைக்கு முன்பே டெபாசிட்டை உடைத்தால் வட்டியில் அபராதம் பிடிப்பார்கள். அந்த நஷ்டத்தைத்தான் இந்த வதந்தி உண்டாக்குகிறது.

நம் ரிசர்வ் வங்கியிடம் அமெரிக்கப் பத்திரங்கள் இருப்பது உண்மை. 2023 சண்டையின்போது இந்தியாவின் கையிருப்பு 20,000 கோடி டாலருக்கு மேல். அப்போதும் ஒரு தவணைகூடத் தவறவில்லை.

"நம்ம ஸ்டேட்டுக்கும் கடன் வரம்பு உண்டாமே? இங்கனயும் அப்படி ஆவுமா?"

வரம்பு உண்டு, விதி வேறு. மத்திய அரசிடம் பழைய கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதுக் கடன் வாங்க மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 293(3). மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம் என்பது பொதுவான அளவு. மின்துறைச் சீர்திருத்தம் செய்தால் கூடுதலாக 0.5 சதவீதம் என்றும் நிபந்தனை வைத்தார்கள். ஆக, அங்கே இரண்டு கட்சிகளுக்குள் நடக்கும் இழுபறி இங்கே மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே நடக்கிறது.

செங்கோட்டையைத் தாண்டினால் உதாரணம் இருக்கிறது. கடன் வரம்பைக் குறைத்துவிட்டார்கள் என்று கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 1-இல் நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் மறுத்து, வழக்கை அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. அதற்கு முந்திய மார்ச்சில் அங்கே அரசு ஊழியர் பலருக்குச் சம்பளம் சில நாள் பிந்தியது. சண்டை யாருக்குள் நடந்தாலும் முதலில் காத்திருப்பவர் சம்பளக்காரரும் ஓய்வூதியக்காரரும்தான்.

"ஒரு லட்சம் கோடி டாலர்னு ஒரே நாணயம் அடிச்சுப் போட்டா தீராதா? யூடியூப்ல சொன்னாவ."

கட்டுக்கதை அல்ல. பிளாட்டினம் நாணயத்தை எந்த மதிப்பிலும் அடிக்கலாம் என்று 1996-இல் போட்ட ஒரு சட்டம் இருக்கிறது, நாணயம் சேகரிப்போருக்காக எழுதியது. 2013 ஜனவரியில் கருவூலமும் மத்திய வங்கியும் இந்த வழியில் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டன. இன்னொரு வாதம், அரசின் கடன் செல்லுபடியைக் கேள்வி கேட்கக் கூடாது என்னும் 14-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தை வைத்து வரம்பையே ஒதுக்கிவிடலாம் என்பது. 2023-இல் பைடன் இதைப் பரிசீலித்தார், வழக்குகள் முடியும் முன் எக்ஸ் தேதி வந்துவிடும் என்று விட்டுவிட்டார். நீதிமன்றம் என்ன சொல்லும் என்று தெரியாத பத்திரத்தை வாங்குபவர்கள் வட்டி கூடக் கேட்பார்கள்.

"வட்டியை மட்டும் மொதல்ல கட்டிட்டு மத்ததை நிறுத்தி வச்சா?"

பத்திர வட்டி தனிக் கட்டண அமைப்பு வழியாகப் போவதால் அதை மட்டும் தொடர முடியும். 2011-இல் அப்படி ஒரு திட்டத்தை மத்திய வங்கி விவாதித்தது, பின்னாளில் வெளியான கூட்டப் பதிவுகளில் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு வங்கிகளுக்கு வட்டி போய்க்கொண்டிருக்க, உள்ளூர் முதியவருக்கு ஓய்வூதியம் நிற்கும். எந்த அரசியல்வாதியாலும் அதைத் தாங்க முடியாது. மற்ற பில்களில் எதை முன்னே, எதைப் பின்னே என்று பிரிக்கவும் கருவூலத்தின் அமைப்பு ஏற்றதல்ல. தேதி வந்ததும் கட்டுவதற்காகவே அது கட்டப்பட்டது.

"அடுத்த சண்டை எப்ப? எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிடது?"

41.1 லட்சம் கோடி டாலர் வரம்பு 2027 வாக்கில் முட்டக்கூடும் என்பது பரவலான கணிப்பு. வரம்பு முட்டும் நாளைக் கண்டு பதற வேண்டாம், நான்காவது பதிலில் சொன்னபடி அதன் பிறகும் மாதங்கள் ஓடும். கருவூலச் செயலர் காங்கிரஸ் தலைவர்களுக்கு எழுதும் கடிதத்தைப் பாருங்கள். அதில் தேதி இருக்கும், மறுகடிதத்தில் அது நகர்ந்தால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். கருவூலத்தின் கையிருப்புக் கணக்கு ஒவ்வொரு வேலைநாளும் வெளியாகிறது. அது 5,000 கோடி டாலருக்குக் கீழே போய், கடிதத்தில் உள்ள தேதிக்கு இரண்டு வாரமே இருந்தால், டாலரில் கட்ட வேண்டிய கட்டணத்தையும் முதிரும் ஏற்றுமதி பில்லையும் அந்த வாரமே முடித்துவிடுங்கள். மற்ற எதற்கும் அவசரம் இல்லை.